சாக்கெட்டில் பொருந்தினால் போதுமா?

2013 ஜூனில் ஏ.எம்.டி. நிறுவனம் எஃப்.எக்ஸ்-9590 என்ற பிராசசரை அறிவித்தது. உள்ளே இருந்த சில்லு புதியதல்ல. முந்தைய ஆண்டு வந்த எஃப்.எக்ஸ்-8350இல் இருந்த அதே 32 நானோமீட்டர் சில்லுதான். உட்காரும் இடமும் அதே ஏ.எம்.3+ சாக்கெட். 8350இன் அடிப்படை வேகம் 4 கிகாஹெர்ட்ஸ், அதன் வாட் குறியீடு 125. புதியதன் அடிப்படை வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், குறியீடு 220 வாட். வேகம் கூடியது 17.5 சதவீதம், மின்சாரம் கூடியது 76 சதவீதம். அப்போது சந்தையில் இருந்த ஏ.எம்.3+ மதர்போர்டுகளில் 220 வாட்டைத் தாங்கக்கூடியவை மிகச் சில. மற்றவற்றிலும் பிராசசர் ஒழுங்காக உட்காரும், கொக்கியும் மூடும். ஆனால் போர்டு தயாரித்தவர் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் அதன் பெயர் இருக்காது.

சில்லு எப்படித் தயாராகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, எந்த போர்டில் எது சேரும் என்ற மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்துப் பேசுவதே வழக்கம். கடந்த 25 ஆண்டுகளின் டெஸ்க்டாப் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கேள்வி என்றே எனக்குப் படுகிறது. தொழிற்சாலையில் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் வேலை தடைப்பட்ட போதெல்லாம், வோல்டேஜை ஏற்றி வேகத்தைக் காட்ட நிறுவனங்கள் முனைந்திருக்கின்றன. அந்தச் சுமையைச் சாக்கெட்டும் போர்டும், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சுமந்தன. கடைசியில் அது வாங்கியவரின் மின்கட்டணத்தில் வந்து நின்றது.

இதற்கு அடிப்படையாக இருப்பது எளிய இயற்பியல். டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஒரு சிறிய மின்னூட்டம் நிரம்பி வெளியேறுகிறது. இதற்கு ஆகும் மின்சாரம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: நிரப்ப வேண்டிய மின்னூட்டத்தின் கொள்ளளவு, வோல்டேஜ், நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்ற கணக்கு. கொள்ளளவும் எண்ணிக்கையும் தாம் கூடிய அளவுக்கே செலவைக் கூட்டும். வோல்டேஜ் மட்டும் வர்க்கமாகக் கூட்டும். 20 சதவீதம் வோல்டேஜ் ஏறினால் செலவு 44 சதவீதம் ஏறும். அந்த வோல்டேஜை வைத்து வேகத்தையும் 20 சதவீதம் கூட்டினால் மொத்தச் செலவு ஏறத்தாழ 73 சதவீதம் ஏறிவிடும். எஃப்.எக்ஸ்-9590இன் கணக்கு ஏன் அப்படி வந்தது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

இந்தக் கணக்கு முப்பது ஆண்டுகள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்றால், அதற்குக் காரணம் 1974இல் ஐ.பி.எம்.மில் ராபர்ட் டென்னார்ட் தம் சகாக்களோடு எழுதிய ஒரு கட்டுரை. இன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் டி-ரேம் நினைவகத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. டிரான்சிஸ்டரின் நீள அகலத்தைக் குறைக்கும்போது அதே விகிதத்தில் வோல்டேஜையும் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எரியும் மின்சாரம் மாறாது என்று அவர் காட்டினார். அதே பரப்பில் இரு மடங்கு டிரான்சிஸ்டர், கூடுதல் வேகம், ஆனால் சூடு பழைய அளவில். டிரான்சிஸ்டர் எண்ணிக்கை பெருகும் என்று 1965இல் கோர்டன் மூர் சொன்னதை எல்லோரும் அறிவார்கள். அந்தப் பெருக்கத்தை வீட்டு மேசையில் வைத்துப் பயன்படுத்தும்படி செய்தது டென்னார்டின் விதி. மூர் பெற்ற புகழில் பாதியாவது டென்னார்டுக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த விதி தளரத் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் நடந்த சர்வதேச மின்சுற்று மாநாட்டில் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு எச்சரிக்கை விடுத்தார். இதே போக்கு தொடர்ந்தால் சில்லுகளின் வெப்ப அடர்த்தி சில ஆண்டுகளில் அணு உலையின் அளவையும், பிறகு ராக்கெட் முனையின் அளவையும் எட்டிவிடும் என்றார். விசித்திரம் என்னவென்றால், அதே இன்டெல் அப்போது அந்தத் திசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 முழுக்க முழுக்க கிகாஹெர்ட்ஸ் எண்ணை உயர்த்துவதற்காக வரையப்பட்ட பிராசசர். 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று அந்த நாளில் பேச்சு இருந்தது.

2004 பிப்ரவரி 2ஆம் தேதி பென்டியம் 4இன் 90 நானோமீட்டர் பதிப்பு வெளிவந்தது. பிரெஸ்காட் என்பது அதன் உள்பெயர். முந்தைய 130 நானோமீட்டர் பதிப்பில் 5.5 கோடி டிரான்சிஸ்டர்கள். இதில் 12.5 கோடி. கட்டளைகள் கடந்துபோகும் படிகளை 20இலிருந்து 31ஆக நீட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் வேலை குறைந்தால் வேகத்தை ஏற்றலாம் என்பது திட்டம். டிரான்சிஸ்டர் சிறிதாகிவிட்டதால் மின்சாரம் குறையும் என்றே உலகம் எதிர்பார்த்தது. நடந்தது நேர்மாறு. அதே 3.4 கிகாஹெர்ட்ஸில் பழைய பதிப்பின் குறியீடு 89 வாட், புதியதன் குறியீடு 103 வாட். பல வேலைகளில் அது வேகமாகவும் இல்லை.

காரணம் கசிவு. டிரான்சிஸ்டரின் வாசலுக்கு அடியில் காப்புக்காக இருக்கும் சிலிக்கான் டை ஆக்சைடு படலம் அந்தத் தலைமுறையில் 1.2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்துவிட்டது. சுமார் ஐந்து அணு அடுக்குகள், அவ்வளவுதான். எலெக்ட்ரான்கள் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போயின. சுவிட்ச் மூடியிருந்தாலும், இறுக மூடிய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் போல மின்சாரம் ஒழுகியது. வோல்டேஜை இன்னும் குறைத்தால் ஒழுகல் இன்னும் கூடும். ஏனென்றால் சுவிட்சைத் திறக்கத் தேவையான அளவுக்கும் மூடத் தேவையான அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். அன்றிலிருந்து டெஸ்க்டாப் பிராசசர்களின் வோல்டேஜ் ஒரு வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. டிரான்சிஸ்டர் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. டென்னார்டின் விதி முடிந்த இடம் இது.

2004 மே மாதம் பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த டேஜாஸ் திட்டம் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4உம் கைவிடப்பட்டது. அந்த மாதம் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் இன்டெலின் தலைவர் கிரெய்க் பாரெட் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பிரெஸ்காட்டின் சூட்டை வெளியேற்றுவதற்காகவே கேபினெட்டின் உள்ளமைப்பை மாற்றி பி.டி.எக்ஸ். என்ற புதிய வடிவத்தை இன்டெல் கொண்டுவந்திருந்தது. போர்டும் கேபினெட்டும் கூலரும் ஒருசேர மாற வேண்டியிருந்தது. சிறிய போர்டு தயாரிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. 2006இல் இன்டெலே அதை விட்டுவிட்டது. ஒரு சில்லின் கசிவைச் சமாளிக்க உலகத்தின் கேபினெட்டுகளையெல்லாம் மாற்றச் சொன்ன முயற்சி அது. தோற்றது நல்லதே.

மீட்பு வந்தது மடிக்கணினிக் குழுவிடமிருந்து. இஸ்ரேலின் ஹைஃபாவில் உருவான பென்டியம் எம், வேக எண்ணைத் துரத்தாமல் ஒரு சுற்றில் அதிக வேலையை முடிக்கும் வகையில் வரையப்பட்டது. அந்த வழியில் வந்த கோர் 2 டுயோ 2006 ஜூலையில் மேசைக்கு வந்தபோது குறியீடு 65 வாட்டுக்கு இறங்கியது, வேலையோ ஏறியது. சாக்கெட்டும் ஏற்கெனவே இருந்த எல்.ஜி.ஏ. 775தான். இருந்தும் பழைய 775 போர்டுகள் பலவற்றில் இது ஓடவில்லை. புதிய சில்லு குறைந்த மின்சாரம் இழுத்தாலும், வோல்டேஜை வேறு விதமாக, இன்னும் நுணுக்கமான படிகளில் கேட்டது. பழைய போர்டின் வோல்டேஜ் சுற்றுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. 775 என்ற எண் ஊசிகளின் கணக்கைத்தான் சொல்லும், அந்த ஊசிகளில் எத்தனை வோல்ட் எப்படி வரும் என்பதைச் சொல்லாது.

அந்த வோல்டேஜ் சுற்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி வரிசையாகச் சதுரக் கட்டிகள் நிற்கும். அவை சோக் எனப்படும் சுருள்கள். அவற்றையொட்டி அலுமினிய ஹீட் சிங்க்குக்கு அடியில் மாஸ்ஃபெட்டுகள், பக்கத்தில் உருளையான கெப்பாசிட்டர்கள். இதன் பெயர் வி.ஆர்.எம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 12 வோல்ட்டை பிராசசர் கேட்கும் 1.2 அல்லது 1.3 வோல்ட்டாக இறக்குவது இதன் வேலை. நொடிக்குப் பல லட்சம் முறை மாஸ்ஃபெட்டுகள் திறந்து மூடி இதைச் செய்கின்றன. பிராசசர் 250 வாட் இழுத்து வோல்டேஜ் 1.25 ஆக இருந்தால் அந்தச் சிறிய இடத்தில் ஓடுவது 200 ஆம்பியர். சோக்கும் மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்த ஒரு தொகுதியைக் கட்டம் என்பார்கள். பத்துக் கட்டங்கள் உள்ள நல்ல போர்டில் ஒவ்வொன்றும் 20 ஆம்பியரைச் சுமக்கும். மலிவான போர்டில் நான்கு கட்டம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 50 ஆம்பியர். பத்தில் ஒரு பங்கு வீணானாலும் 25 வாட்டுக்கு மேல் வி.ஆர்.எம்.மிலேயே சூடாக மாறும். சூடு எல்லை மீறினால் போர்டு பிராசசரின் வேகத்தை வெட்டிவிடும். ஹீட் சிங்க்கே இல்லாத வி.ஆர்.எம். உள்ள போர்டில் பெரிய பிராசசரைப் போட்டுவிட்டு, “புது சிஸ்டம் அரை மணி நேரத்தில் இழுக்கிறது” என்று சொல்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றுவதால் அது தீராது.

இனி தொழிற்சாலைக்கு வருவோம். ஒரு பிராசசர் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத சிலிக்கான் வட்டத் தகட்டில் பிறக்கிறது. அதன் மேல் ஒளியால் அடுக்கடுக்காகப் படம் வரைவதே உற்பத்தியின் உயிர்நாடி. நெடுங்காலம் 193 நானோமீட்டர் ஒளியை வைத்து, ஒரே அடுக்கைப் பலமுறை வரைந்து சமாளித்தார்கள். இன்றைய மிகச் சிறிய கோடுகளுக்கு 13.5 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் வேண்டும். அதை உண்டாக்கும் இயந்திரத்தை உலகத்தில் செய்வது ஒரே நிறுவனம்: நெதர்லாந்தின் வெல்டோவனில் உள்ள ஏ.எஸ்.எம்.எல். வெற்றிடத்தில் நொடிக்கு 50,000 துளி உருகிய வெள்ளீயம் சொட்டும். ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை அடிக்கும். முதல் அடியில் துளி தட்டையாகும், இரண்டாவது அடியில் ஆவியாகிக் கதிரை உமிழும். இந்தக் கதிர் கண்ணாடி லென்ஸில் நுழையாது, காற்றிலும் பரவாது. அதனால் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்யும் ஆடிகள் வழியாகவே அதைத் தகட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு இயந்திரம் ஓட ஒரு மெகாவாட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். இவற்றை அதிகம் வைத்திருக்கும் சில்லு தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யின் மின் நுகர்வு தைவானின் மொத்த நுகர்வில் 8 சதவீத அளவில் இருக்கிறது.

இந்தப் படியேற்றத்தில் இன்டெல் தடுக்கி விழுந்த கதைதான் இன்றைய டெஸ்க்டாப் வாட் எண்களுக்கு விளக்கம். 2015இல் 14 நானோமீட்டர் ஸ்கைலேக் பிராசசர்கள் மேசைக்கு வந்தன. அடுத்த 10 நானோமீட்டர் ஓரிரு ஆண்டில் வந்திருக்க வேண்டும். தகட்டில் தேறும் சில்லுகளின் எண்ணிக்கை சரியாக அமையாமல் அது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. டெஸ்க்டாப்புக்கு 2021 நவம்பரில்தான் வந்தது, அதுவும் இன்டெல் 7 என்ற புதுப் பெயரில். இடைப்பட்ட ஆண்டுகளில் அதே 14 நானோமீட்டரை மெருகேற்றி மெருகேற்றி விற்றார்கள். 2017 தொடக்கத்தில் நான்கு கோர், அந்த ஆண்டின் இறுதியில் ஆறு, 2018இல் எட்டு, 2020இல் பத்து. டிரான்சிஸ்டர் சுருங்காமல் கோர் மட்டும் கூடினால் மின்சாரம் கூடித்தானே ஆக வேண்டும்? பத்து கோர் கொண்ட ஐ9-10900கேயின் பெட்டியில் 125 வாட் என்று இருந்தது. இன்டெலின் சொந்த விதிப்படியே அது 56 நொடி வரை 250 வாட் இழுக்கலாம். பல போர்டுகள் அந்த 56 நொடி வரம்பையும் எடுத்துவிட்டு விற்பனைக்கு வந்தன.

ஏ.எம்.டி.யின் பாதை வேறு. அது தன் தொழிற்சாலைகளை 2009இல் குளோபல்ஃபவுண்டரிஸ் என்று பிரித்துவிட்டது. அந்த நிறுவனமும் 2018 ஆகஸ்டில் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. ஏ.எம்.டி. தன் கோர்களை டி.எஸ்.எம்.சி.யிடம் 7 நானோமீட்டரில் செய்யக் கொடுத்தது. 2019 ஜூலையில் வந்த மூன்றாம் தலைமுறை ரைசனில் எட்டு கோர் கொண்ட சில்லு வெறும் 74 சதுர மில்லிமீட்டர். நினைவகத்தையும் மற்ற இணைப்புகளையும் கவனிக்கும் பகுதியைத் தனிச் சில்லாக்கி, பழைய 12 நானோமீட்டரில் குளோபல்ஃபவுண்டரிஸிடமே செய்ய வைத்தார்கள். சில்லு சிறிதானால் தகட்டின் ஒரு குறை ஒரு சிறு துண்டைத்தான் கெடுக்கும். ஒன்றிரண்டு கோர் கெட்டாலும் இரண்டை அணைத்துவிட்டு ஆறு கோர் பிராசசராக விற்கலாம். கடையில் வெவ்வேறு விலையில் இருக்கும் பெட்டிகளுக்குள் ஒரே வகைச் சில்லு இருப்பது இப்படித்தான். 2013இல் 220 வாட் கேட்ட அதே நிறுவனம் 2017இல் எட்டு கோர் ரைசன் 7 1700ஐ 65 வாட்டில் கொடுத்தது. புது வடிவமைப்பும் 14 நானோமீட்டர் உற்பத்தியும் சேர்ந்து சாதித்தது அது.

நானோமீட்டர் எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இன்று 3 நானோமீட்டர் என்று விற்கப்படும் சில்லில் 3 நானோமீட்டர் நீளமுள்ள பாகம் எதுவும் இல்லை. அடுத்தடுத்த இரண்டு டிரான்சிஸ்டர் வாசல்களுக்கு நடுவே 40 நானோமீட்டருக்கு மேல் இருக்கும். அது ஒரு தலைமுறையின் பெயர், அவ்வளவே. இரண்டு நிறுவனங்களின் எண்களை வைத்து எது சிறந்தது என்று வாதிடுவது வீண் வேலை. இன்டெலே தன் 2024ஆம் ஆண்டு டெஸ்க்டாப் பிராசசரின் முக்கியச் சில்லை டி.எஸ்.எம்.சி.யிடம் செய்து வாங்கிய பிறகு அந்த வாதத்துக்கு இன்னும் பொருள் குறைந்துவிட்டது.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசர் 2018இல் இரண்டு இடங்களில் சில்லாக வந்தது. ஒன்று அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில், மற்றொன்று இந்திய அரசின் மொகாலி ஆலையில் 180 நானோமீட்டரில். வடிவமைக்கும் திறமை இங்கே உண்டு. உற்பத்தியில் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லும்.

பெட்டியில் அச்சாகும் டி.டி.பி. என்ற வாட் எண் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது! அடிப்படை வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது கூலர் எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. உச்சத்தில் இழுக்கும் மின்சாரம் அல்ல. 2018இன் ஐ9-9900கேயில் 95 வாட் என்று இருந்தது. வரம்பில்லாமல் விட்ட போர்டுகளில் அது 150 வாட்டைச் சாதாரணமாகத் தாண்டியது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 105 வாட் என்றால் சாக்கெட் வழியே 142 வாட் வரை போகலாம் என்று பொருள். ஏ.எம்.5இல் 170 என்றால் 230. 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் அடிப்படை, உச்சம் என இரண்டு எண்களையும் வெளியிடுகிறது. ஐ9-13900கேக்கு அவை 125, 253. இரண்டையும் சொன்னது நேர்மையான மாற்றம்.

ஆனால் அந்தத் தலைமுறையில்தான் வோல்டேஜ் தன் விலையை வசூலித்தது. 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் விளையாட்டுகள் நடுவில் நின்றன, மென்பொருள்கள் காரணமில்லாமல் மூடிக்கொண்டன. பயன்படுத்துவோர் ரேமையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில் இன்டெல் காரணத்தை ஒப்புக்கொண்டது. பிராசசருக்குள் இருக்கும் நுண்நிரல் தேவைக்கு மேல் வோல்டேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோரின் உள்ளே கடிகாரத் துடிப்பைப் பகிரும் சுற்றை முதுமையடையச் செய்தன. முன்பு ஓடிய வோல்டேஜில் பிறகு அந்தச் சில்லால் ஓட முடியவில்லை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியே வந்தன. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டினார்கள். திருத்தம் மேலும் கெடாமல் தடுக்குமே தவிர, கெட்ட சில்லைச் சரிசெய்யாது. இந்தத் தலைமுறை பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். பழைய சந்தையில் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், முன்பிருந்தவர் புதுப்பித்தாரா என்று சில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பொருத்தப்பாட்டின் கசப்பான பாடம் 2017இல் கிடைத்தது. ஜனவரியில் வந்த நான்கு கோர் 7700கேயும் அக்டோபரில் வந்த ஆறு கோர் 8700கேயும் ஒரே எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட்டில் உட்காரும். ஆனால் பழைய போர்டில் புதியது ஓடாது என்று இன்டெல் அறிவித்தது. கோர் கூடியதால் கூடுதல் மின்சாரம் வேண்டும், ஊசிகளை மாற்றி ஒதுக்கியிருக்கிறோம் என்றது. மின்சாரம் தரும் ஊசிகள் 128இலிருந்து 146ஆக உயர்ந்தது உண்மை. பயாஸைத் திருத்தி, சில தொடர்புப் புள்ளிகளின் மேல் டேப் ஒட்டி, பழைய போர்டுகளிலேயே புதிய பிராசசர்களை ஓட்டிக் காட்டிய ஆர்வலர்களும் இருந்தார்கள். எல்லாப் பழைய போர்டும் தாங்கியிருக்காது. நல்ல வி.ஆர்.எம். கொண்ட போர்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கதவை மூடியதற்கு மின்சாரம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

ஏ.எம்.4 இதற்கு எதிர்ச்சான்று. 2017இல் ரைசனோடு பரவிய அந்தச் சாக்கெட் அடுத்து வந்த தலைமுறைகளையும் ஏற்றது. அங்கே முட்டுக்கட்டை போட்டது மின்சாரம் அல்ல, பல போர்டுகளில் 16 மெகாபைட்டாக மட்டும் இருந்த பயாஸ் சில்லு. அத்தனை பிராசசர்களுக்கும் தேவையான குறிப்புகள் அதில் கொள்ளவில்லை. 2020 மே மாதம் ஐந்தாயிரம் வரிசை ரைசன் பழைய போர்டுகளில் ஓடாது என்று ஏ.எம்.டி. சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே மாதம் முடிவு மாறியது. 2022இல் முதல் தலைமுறை 300 வரிசை போர்டுகளுக்கும் கதவு திறந்தது. அன்று பி350 போர்டு வாங்கியவர் ஐந்து ஆண்டுகள் கழித்து 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. ரேம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வாங்கியவர்கள் விடாமல் கேட்டதால் கிடைத்த பலன் இது.

மின்சாரம் குறைவதும் பொருத்தத்தைக் கெடுக்கலாம். 2013இல் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் பிராசசர்கள் ஓய்வில் 12 வோல்ட் கம்பியிலிருந்து 0.05 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் நிலைக்கு இறங்கின. இவ்வளவு குறைந்த சுமையை எதிர்பார்க்காத பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் தடுமாறலாம் என்பதால், அந்த உறக்க நிலையைப் பயாஸில் அணைத்து வைக்க வழி தந்தார்கள். எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நம் ஊர்ச் சந்தைக்கு ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் சிஸ்டம் அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்கள் பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிக்கிறார்கள். மேலே பெரிதாக 500 வாட் என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 30 என்றிருந்தால் பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 360 வாட்டுதான். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உண்மையாக இருந்தால் பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதம் தேறும். மீதி, கேபினெட்டுக்குப் பின்னால் சூடாகப் போகும்.

வீட்டுக் கணக்கு இது. 250 வாட் வரை போகும் பிராசசரை 125 வாட்டில் கட்டிவைத்து, நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் வேலை செய்தால் அரை யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் கணக்கில் 30 யூனிட். ஸ்லாப் மாறும் விளிம்பில் உள்ள வீட்டில் இது சிறிய தொகை அல்ல. வேகம் பாதியாகக் குறையாது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் வோல்டேஜ் ஏற்றப்படுகிறது என்பதால், அந்த விளிம்பை விட்டுக்கொடுத்தால் போதும். ரைசனில் ஈக்கோ மோட், இன்டெல் போர்டுகளில் பவர் லிமிட் என்று பயாஸிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வீடியோ எடிட்டிங்கோ மென்பொருள் எழுதுவதோ செய்பவர்கள்கூட வித்தியாசத்தை உணர்வது அரிது.

பொருத்தப்பாடு இல்லாமல் போவதற்கு மென்பொருளும் காரணமாகிறது. விண்டோஸ் 11, இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை ஏறத்தாழ முழுமையாகவே விலக்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்றும் எல்லா அலுவலக வேலையையும் செய்யக்கூடிய 7700கே அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டால் அதே சிஸ்டம் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஒரு பிராசசரைச் செய்யச் செலவான மின்சாரம் அதைத் தூக்கி எறியும்போது திரும்பி வராது. ஒரு சாக்கெட் ஐந்து ஆண்டுகள் உழைப்பதும், ஒரு பழைய சிஸ்டம் இன்னொரு மாணவர் கைக்குப் போவதும் மின்சேமிப்புத்தான்.

பிராசசர் நிறுவனங்கள் உச்ச வாட் எண்ணைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். போர்டு நிறுவனங்கள் தங்கள் வி.ஆர்.எம். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை விளம்பரத்தில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் போட வேண்டும். அதுவரை வாங்குபவர்கள்தான் கேட்க வேண்டும். கடைக்காரரிடம் “இது இதில் சேருமா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். முழுச் சுமையில் எத்தனை வாட் இழுக்கும், அதை இந்த போர்டு நாள் முழுதும் தாங்குமா, எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.